கைப்பிடிச் சுவர் குட்டித் தூணுக்கு என்ன பேரு? கட்டட அலங்காரப் பேருங்க வந்த வழி

ஜூன் 2, காலை. வந்த கேள்வி இது:

"மயிலாப்பூர்ல எங்க பாட்டி வீட்ட இடிக்கப் போறாங்க. மொட்டமாடி கைப்பிடிச் சுவர்ல தொப்பை வச்ச குட்டித் தூணுங்க வரிசையா நிக்கும், சின்ன வயசுல அதுக்கு நடுவுல தலைய விட்டு தெருவ பாப்போம். அதுக்கு என்ன பேரு? இந்த மாதிரி அலங்காரத்துக்கெல்லாம் தமிழ்ல பேரே கிடையாது, எல்லாம் வெள்ளக்காரன் கொண்டு வந்ததுன்னு மாமா அடிச்சு சொல்றார். நிஜமா?"

ஜூன் 2, மதியம்

குட்டித் தூணு வெள்ளக்காரன் கொண்டு வந்ததுதான், அது வரைக்கும் மாமா சரி. பேரு பலஸ்டர். ஆனா அந்தப் பேரு எங்கேருந்து வந்துச்சுன்னு தெரிஞ்சா அப்புறம் அந்தத் தூண பாக்கற பார்வையே மாறிடும். கிரேக்கத்துல பலௌஸ்தியோன்னா காட்டு மாதுளையோட பூ. அது இத்தாலிக்காரங்க வாய்ல பலௌஸ்த்ரோன்னு ஆச்சு, அங்கேருந்து பிரெஞ்சு, அங்கேருந்து இங்கிலீஷ். நம்ம ஊர்ல மாதுளைச் செடி இல்லாத தெரு கம்மி, ஒரு பூவ எடுத்து பக்கவாட்டுல புடிச்சு பாருங்க, காம்புப் பக்கம் குண்டா உப்பி, நடுவுல கொஞ்சம் இறுகி, மேல கெட்டியான சிவப்பு இதழ் வெளிப்பக்கமா விரியும். உங்க பாட்டி வீட்டுத் தூணோட தொப்பையும் கழுத்தும் அதேதான். 15ஆம் நூற்றாண்டு இத்தாலில மாளிகை மாளிகையா இத வச்சாங்க, அது சுத்திச் சுத்தி நம்ம மாட வீதிக்கு வந்து சேந்துச்சு.

இடிக்கறதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணயாவது முழுசா எடுத்து வைங்க. அடியில கம்பி இருக்காது, பெரும்பாலும் செங்கல் துண்டு வச்சு சுண்ணாம்புல உருட்டினது, உளி வச்சு மெதுவா தட்டினா கழண்டு வரும்.

ஜூன் 2, ராத்திரி

கைப்பிடிச் சுவர்ன்னு நீங்க எழுதினதையே யோசிச்சிட்டு இருந்தேன். அத இங்கிலீஷ்காரன் பாராபெட்ங்கறான், இத்தாலிய மூலத்துல அதுக்கு 'நெஞ்சைக் காக்கறது'ன்னு அர்த்தம், கோட்டை மேல நிக்கற சிப்பாய்க்கு அம்பு படாம நெஞ்சு உயரம் எழுப்பின சுவரு அது. நமக்கு அது கையப் புடிச்சிக்கிட்டு நிக்கற சுவரு. ஒரே சுவருக்கு அங்க சண்டைக்காரன் பேரு வச்சிருக்கான், இங்க வடாம் காய வச்சுட்டு தெருவ வேடிக்க பாக்கறவங்க வச்சிருக்காங்க. எனக்கு நம்ம பேருதான் புடிச்சிருக்கு.

ஜூன் 4

இப்ப மாமாவோட ரெண்டாவது பேச்சுக்கு வர்றேன், தமிழ்ல பேரே கிடையாதுங்கறது. இது தப்பு, கொஞ்சம் வருத்தமான தப்பும் கூட, ஏன்னா நிறைய படிச்சவங்களே இதச் சொல்றாங்க.

நான் பழைய கட்டடங்கள அளந்து வரையற வேலைல இருக்கேன். வட சென்னைல ஒரு கோயில்ல கும்பாபிஷேகத்துக்கு முன்னாடி மண்டபத்த அளக்கப் போயிருந்தோம். நான் வரைபடத்துல 'தூண்'னு எழுதி அம்புக்குறி போட்டுட்டு அடுத்ததுக்கு நகந்தேன். பின்னாடி நின்ன ஸ்தபதி ஐயா, எழுபது வயசுக்கு மேல இருக்கும், "என்னம்மா, இவ்ளோ பெரிய ஆள ஒரே வார்த்தைல முடிச்சிட்ட"ன்னாரு. சாக்பீஸ் வாங்கி தூணு மேலயே கோடு கிழிச்சுக்கிட்டே மேல போனாரு. கீழ சதுரத்தோட மூலைல பாம்பு படம் எடுத்த மாதிரி இருக்கே அது நாகபந்தம். அதுக்கு மேல மால தொங்கற மாதிரி செதுக்கின இடம் மாலைத்தொங்கல். அப்புறம் கலசம், அதுக்கு மேல தாடி, அதுக்கு மேல அமுக்கின குடம் மாதிரி கும்பம், கும்பத்துக்கு மேல இதழ் விரிஞ்சது பாலி, அது தாங்கற சதுரப் பலகைக்கு பலகைதான் பேரு, பலகை மேல கைய நீட்டிக்கிட்டு உத்தரத்த தாங்கறது போதிகை. "இதுல எது எங்க நிக்கணும், எவ்ளோ கனம், எல்லாத்துக்கும் கணக்கு இருக்கும்மா, பேரு தெரியலன்னா கணக்கு எப்பிடி கேப்ப?"ன்னாரு.

அந்த ஒரு வாக்கியம்தான் இன்னிக்கு வரைக்கும் எனக்கு பாடம். பேரு அழகுக்கு வைக்கறதில்ல, பட்டறைல ஒருத்தர் இன்னொருத்தர்கிட்ட "கும்பத்த ரெண்டு விரல் கொறை"ன்னு சொல்றதுக்கு வைக்கறது.

ஜூன் 4, கொஞ்ச நேரம் கழிச்சு

தூணுக்கே இவ்ளோ பேருன்னா சுவருக்கு அடியில இருக்கற பீடத்துக்கு தனிக் கணக்கு. கீழேருந்து மேல உபானம், ஜகதி, குமுதம், கண்டம், பட்டிகை. இதுல குமுதம்னா ஆம்பல் பூ. உருண்டையா இருந்தா விருத்த குமுதம், பட்டை தீட்டியிருந்தா முப்பட்டைக் குமுதம். கோயில சுத்தி வரும்போது இடுப்பு உயரத்துலயும் அதுக்குக் கீழயும் கல்வெட்டு படிக்கறோமே, அது பெரும்பாலும் இந்த ஜகதி, குமுதத்து மேலதான் இருக்கும். ஆம்பல் பூ மேல எழுதின பத்திரம்னு வச்சிக்கலாம்.

ஜூன் 7

போதிகைக்கு இங்கிலீஷ்ல என்னன்னு ஒருத்தர் கேட்டிருக்கார். கார்பெல்னு சொல்லலாம், முழுசா ஒண்ணில்ல, ஆனா வேல கிட்டத்தட்ட அதே வேல. இந்த கார்பெல் எங்கேருந்து வந்துச்சு தெரியுமா, பழைய பிரெஞ்சுல காக்கா குடும்பத்து அண்டங்காக்கா, லத்தீன்ல கோர்வுஸ். சுவர்லேருந்து நீட்டிக்கிட்டு நிக்கற கல்ல பக்கத்துலேருந்து பாத்தா அலகு மாதிரி இருக்குன்னு வச்ச பேரு.

இப்ப நம்ம பக்கம் வாங்க. கோயில் சுவருக்கு மேல, கூரை ஆரம்பிக்கற எடத்துல, வளைஞ்சு வெளிய வந்து கீழ சரியற கல்லு இருக்கே, அதுக்கு ஏட்டுல கபோதம்னு பேரு. கபோதம்னா புறா! அங்க அண்டங்காக்கா, இங்க புறா. ரெண்டு ஊர் கொத்தனும் ஒருத்தன ஒருத்தன் பாத்ததே இல்ல, ஆனா ரெண்டு பேரும் சுவர்லேருந்து நீட்டிக்கிட்டிருக்கறத அண்ணாந்து பாத்து பறவைனு சொல்லியிருக்காங்க.

அதுக்கு மேல ஒரு சங்கதி. அந்தக் கபோதத்து மேல வரிசையா குதிரை லாட வடிவத்துல சின்னச் சின்ன வளைவு ஒட்டியிருக்கும், சிலதுக்குள்ளேருந்து ஒரு மனுஷ முகம் எட்டிப் பாக்கும். மாமல்லபுரம் ரதங்கள்ல இத நல்லா பாக்கலாம். அதுக்கு தமிழ்ல கூடு. புறா மேல கூடு! இத ஒரே ஆள் திட்டம் போட்டு வச்சானான்னு நான் சொல்ல மாட்டேன், கூடுங்கறது உள்ள இடமிருக்கற எதுக்கும் வர்ற வார்த்தைதான், ஆனா ரெண்டும் பக்கத்துல பக்கத்துல உக்காந்திருக்கறத பாக்க சந்தோஷமா இருக்கு.

கபோதத்துக்கு தமிழ்ப் பேரு கொடுங்கை. கொடுன்னா வளைஞ்சது, வளைஞ்ச கை. மழைத்தண்ணி சுவர்ல படாம ஒரு கைய மடக்கி முன்னால நீட்டி காக்கற மாதிரி. சம்ஸ்கிருதப் பேரு அதோட உருவத்த பாக்குது, தமிழ்ப் பேரு அது என்ன செய்யுதுன்னு பாக்குது. ரெண்டும் வேணும்.

ஜூன் 7, ராத்திரி

கொடுங்கைய பத்தி எழுதிட்டு ஆவுடையார்கோயில சொல்லாம விட்டா தூக்கம் வராது. புதுக்கோட்டை மாவட்டம். அங்க கல்லுல செஞ்ச கொடுங்கைக்குக் கீழ நின்னு அண்ணாந்து பாத்தா மரச் சட்டம், குறுக்குச் சட்டம், அத சேத்து அடிச்ச ஆணியோட தலை வரைக்கும் எல்லாம் கல்லுலயே இருக்கும். கல்லுக்கு ஆணி எதுக்கு? தேவையே இல்ல. ஆனா செதுக்கினவனோட முப்பாட்டன் தச்சனா இருந்திருக்கான், கை மறக்கல. அந்தக் காலத்து சிற்பிங்க ஒப்பந்தம் எழுதும்போது ஆவுடையார்கோயில் கொடுங்கை, திருவலஞ்சுழி பலகணி, அதாவது கல் ஜன்னல், இந்த மாதிரி சிலத தவிர மத்த எதையும் செஞ்சு தர்றோம்னு எழுதுவாங்கன்னு வழிவழியா ஒரு பேச்சு உண்டு.

அலங்காரம்னு நாம சொல்றதுல பாதி இதுதான். மர வேலை, கீத்து வேலைல ஒரு காலத்துல உழைச்ச உறுப்பு, கல்லுக்கு மாறினதும் வேலை போயி உருவம் மட்டும் தங்கிடுச்சு. கூடு கூட அப்பிடித்தான், மூங்கிலும் மரமும் வளைச்சு கட்டின கூரையோட முன்முகம் அது. பீகார்ல பராபர் மலைல லோமச ரிஷி குகைன்னு மௌரியர் காலத்தது, கி.மு. 3ஆம் நூற்றாண்டு, அதோட வாசல்ல மரச் சட்டம் வளைஞ்சு வர்றத அப்பிடியே பாறைல வெட்டி வச்சிருக்காங்க. மாமல்லபுரத்து திரௌபதி ரதம் ஓலைக் குடிசையே தான், ஒரே பாறைல. கிரேக்கக் கோயில்லயும் இதே கதை, கூரை ஓரமா வெளிய நீட்டிக்கிட்டு வர்ற விளிம்புக்கு கார்னிஸ்னு பேரு, அதுக்குக் கீழ பல்லு பல்லா வர்ற வரிசைக்கு டென்டில்னு பேரு, லத்தீன்ல பல்லுன்னு அர்த்தம், அது கூரை மரக்கட்டையோட முனைங்கன்னு பழைய ரோமாபுரி கட்டடக் கலைஞர் விட்ருவியஸே எழுதி வச்சிருக்கார். ஜார்ஜ் டவுன் பக்கம் நடந்தா பழைய வீடுங்கள்ல இந்தப் பல்லு வரிசை இன்னும் இருக்கு, நான் வரைபடத்துல பல்லு வரிசைன்னே எழுதிடுவேன்.

ஜூன் 8

"கபோதம், கும்பம், குமுதம், எல்லாம் சம்ஸ்கிருதம்தானே, அப்ப மாமா சொன்னது பாதி சரிதானே"ன்னு ஒரு தம்பி கேட்டிருக்காரு. கேக்க வேண்டிய கேள்விதான்.

மயமதம், மானசாரம் மாதிரி சில்ப நூலுங்க சம்ஸ்கிருதத்துல இருக்கு, அதனால அந்தப் பேருங்க பட்டறைக்கு வந்துச்சு. ஆனா பட்டறைல அத தனியா பிரிச்சு யாரும் பேசல. கொடுங்கை, பலகை, கூடு, இதழ், கால் எல்லாம் அதே வாய்ல அதே மூச்சுல வரும். எனக்குத் தெரிஞ்சு இதுக்கு நல்ல உதாரணம் ஜன்னல்.

ஜன்னல்ங்கற வார்த்தையே போர்த்துகீசியம், ழனேலா. லத்தீன்ல கதவுக்கு யானுவா, அதுலேருந்து வந்த 'சின்னக் கதவு'. சாந்தோம்ல போர்த்துகீசியர் 16ஆம் நூற்றாண்டுலயே குடியேறிட்டாங்க, அவங்க கூட ஜன்னல், அலமாரி, சாவி, கிராதி, மேஸ்திரி எல்லாம் வந்துச்சு. மேஸ்திரிங்கறது மெஸ்த்ரே, குரு, ஆசான். வீடு கட்றவரையே போர்த்துகீசியப் பேர்ல கூப்புடறோம்.

அதுக்கு முன்னாடி? சிலப்பதிகாரத்துல புகார் நகரத்த சொல்லும்போது 'மான்கண் காலதர் மாளிகை'ன்னு வரும். கால்னா காத்து, அதர்னா வழி, காத்து வர்ற வழி. அது மானோட கண்ணு மாதிரி இருக்காம். அப்புறம் பலகணி, பல கண்ணு. சம்ஸ்கிருதத்துல கவாக்ஷம், பசுவோட கண்ணு, இந்த வார்த்தைய கூடுக்கும் சொல்வாங்க. பிரெஞ்சுக்காரன் வட்ட ஜன்னலுக்கு எருதுக் கண்ணுன்னு பேரு வச்சான். இங்கிலீஷ் விண்டோ வட ஐரோப்பாவோட பழைய நார்ஸ் மொழிலேருந்து வந்தது, விண்ட்அவுகா, காத்தோட கண்ணு! நம்மாளு காத்துக்கு வழி விட்டான், அந்த வட ஐரோப்பாக் குளிர்ல இருந்தவன் காத்துக்கு கண்ணு வச்சான்.

மான், பசு, எருது, காத்து, எல்லாத்துக்கும் கண்ணு. இத பாத்துட்டு எந்த மொழி யாருக்கு கடன் குடுத்துச்சுன்னு கணக்கு பாக்க மனசு வரல தம்பி. சுவர்ல ஓட்டை போட்டதும் மனுஷனுக்கு கண்ணு ஞாபகம் வருது, எங்க இருந்தாலும்.

ஜூன் 8, உடனே

ஜாலியும் ஜல்லியும் ஒண்ணான்னு கேட்டவருக்கு: இல்ல. ஜல்லி கான்கிரீட்ல போடற கருங்கல் துண்டு. ஜாலி ஓட்டை ஓட்டையா வர்ற தடுப்பு, ஜாலம்னா வலை, அதுலேருந்து வந்தது, நம்ம பழைய தமிழ்ல சாலகம்னு ஒரு வார்த்தை இருக்கறதும் அதே வேர்தான். கடைல போய் மாத்தி கேட்டா லாரில கொண்டு வந்து கொட்டிடுவாங்க. எழும்பூர் மியூசியம் வளாகத்துல நேஷனல் ஆர்ட் கேலரி, ஹென்றி இர்வின் கட்டினது, அதோட முகப்பு வேலைப்பாட்ட ஒரு தடவ வெயில் சாயற நேரத்துல போய் பாருங்க.

ஜூன் 12

பேச்சு கொஞ்சம் வேற பக்கம் போகுது, போகட்டும். அலங்காரத்துல சேராது, ஆனா பேரு பிரமாதம்.

மாமல்லபுரத்துல அஞ்சு ரதம் பாத்திருப்பீங்க. நகுல சகாதேவ ரதத்துக்கு பக்கத்துலயே ஒத்தக் கல்லுல ஒரு யானை நிக்கும். பிள்ளைங்க அது மேல ஏறி போட்டோ எடுக்கறதோட சரி. அந்த ரதத்தோட பின்பக்கத்துக்கு போய் நில்லுங்க, பின்சுவரு நேரா இல்லாம அரைவட்டமா வளைஞ்சிருக்கும், கூரையும் அதோட சேந்து உருண்டிருக்கும். இப்ப யானையோட முதுகுப் பக்கம் பாருங்க. இந்த வடிவத்துக்கு ஏட்டுல கஜபிருஷ்டம், யானையோட பின்பக்கம். தமிழ்ல தூங்கானை மாடம். பெண்ணாடத்து கோயிலுக்கு அதுதான் பேரே, சம்பந்தர் பாடியிருக்கார். அந்த யானைய ஏன் அங்க செதுக்கினாங்கன்னு கல்வெட்டு எதுவும் சொல்லல, ஆனா பக்கத்துல நின்னு பாத்தவங்களுக்கு சந்தேகம் வராது.

சென்னைக்காரங்க அதுக்கு மாமல்லபுரம் வரைக்கும் போக வேணாம். திருவொற்றியூர்ல ஆதிபுரீஸ்வரர் சன்னிதி ராஜேந்திர சோழன் காலத்து வேலை, பின்னாடி போய் சுத்துங்க. பாடி திருவலிதாயமும் இதே. தொண்டை மண்டலத்துல இந்த வடிவம் நிறைய. நான் வட சென்னைல வளந்தவ, திருவொற்றியூர் தேர் அன்னிக்கெல்லாம் போயிருக்கேன், அந்தச் சுவரு வளையறத ஒரு தடவ கூட கவனிச்சதில்ல. பேரு தெரிஞ்ச பிறகு போனேன், கைய வச்சிக்கிட்டே சுத்தினேன், மூலையே வரல.

ஜூன் 13

முகங்கள பத்தி கேட்டவங்களுக்கு.

கூட்டுக்கு உச்சில, தோரணத்துக்கு நடுவுல, முழி பிதுங்கி பல்ல காட்டிக்கிட்டு ஒரு முகம் இருக்கும், கீழ்த்தாடை பெரும்பாலும் இருக்காது. அது கீர்த்திமுகம். புராணக் கதைல ஜலந்தரன் ராகுவ தூது அனுப்ப, சிவன் கோவத்துலேருந்து ஒரு பூதம் கிளம்பி ராகுவ திங்க வருது. ராகு சரணடைஞ்சதும் பூதத்துக்கு பசிக்கு வழியில்ல, உன்னையே தின்னுன்னு உத்தரவு. காலு, கை, உடம்பு எல்லாத்தையும் தின்னு முகம் மட்டும் மிஞ்சுது. அதுக்கு மகிழ்ந்து, என் வாசல்ல நீ எப்பவும் இருன்னு சிவன் சொன்னதா கதை. தோரணத்தோட ரெண்டு முனைலயும் வாயத் தொறந்திருக்கறது மகரம், அதனாலதான் மகர தோரணம்.

ஐரோப்பாவுல தேவாலயக் கூரைலேருந்து எட்டிப் பாக்கற பயங்கர மூஞ்சிக்கு கார்காயில்னு பேரு. பழைய பிரெஞ்சுல தொண்டை. ஏன்னா மழைத்தண்ணி அந்தத் தொண்டை வழியாத்தான் வெளிய கொட்டும். நம்ம கோயில்ல அபிஷேகத் தண்ணி வெளிய வர்ற எடத்துல கோமுகி வச்ச மாதிரி. வீட்டு மாடில அந்த வேலைய பாக்கறது தூம்பு, அதுக்கு மூஞ்சி எதுவும் கிடையாது, பாவம்.

சென்னைல இன்னிக்கு கட்டற ஒவ்வொரு அடுக்குமாடி சாரத்துலயும் ஒரு திருஷ்டி பொம்மை தொங்குது பாருங்க, மீசை, கோரப்பல்லு, நாக்கு வெளிய. ஜிம், லிஃப்ட், கிளப் ஹவுஸ் எல்லாம் வச்ச கட்டடம், ஆனா பொம்மை இல்லாம சென்ட்ரிங் ஏறாது. கீர்த்திமுகம் கல்லுலேருந்து எறங்கி சாரத்துக்கு வந்துடுச்சுன்னு நான் நெனைக்கறேன், இது என்னோட எண்ணம், நூல் சொல்றதில்ல.

ஜூன் 15

கிரேக்கப் பாணி கொரிந்தியத் தூணோட தலைல சுருள் சுருளா வர்ற இலை என்ன இலைன்னு கேட்ட மேடத்துக்கு. அகாந்தஸ். கிரேக்கத்துல அகாந்தான்னா முள்ளு. விட்ருவியஸ் ஒரு கதை சொல்றார், கொரிந்த் ஊர்ல கல்யாண வயசுல ஒரு பொண்ணு இறந்து போக, அவளோட சாமான்கள ஒரு கூடைல வச்சு சமாதி மேல வச்சு, ஓடு ஒண்ண மூடிட்டு போனா அவள வளத்தவ. கூடைக்கு அடியில அகாந்தஸ் வேர் இருந்திருக்கு. வசந்த காலத்துல அது தழைச்சு கூடைய சுத்தி ஏறி, ஓட்டுல முட்டி, வெளிப்பக்கமா சுருண்டிருக்கு. அந்த வழியா வந்த சிற்பி கல்லிமாகுஸ் அத பாத்துட்டு தூண் தலைய செஞ்சானாம்.

கதை உண்மையோ பொய்யோ, எனக்கு ஆச்சரியம் வேற. அதே அகாந்தஸ் இனத்துல ஒரு செடி நம்ம கடலோரக் கழிமுகத்துல, பிச்சாவரம் மாதிரி எடங்கள்ல சேத்துல வளருது, தமிழ்ல கழுதைமுள்ளி. இங்கயும் முள்ளுதான்! தூணுல இருக்கறது மத்தியதரைக் கடல் பக்கத்து வகை, ஓரம் வெட்டுப்பட்ட பெரிய இலை. இது அதோட ஒண்ணுவிட்ட சொந்தம். அந்தச் சொந்தம் நம்ம சேத்துல முள்ளோட நிக்குது, அதுக்கு யாரும் தூணு கட்டல.

ஜூன் 19

ரெண்டு மூணு நாளா எழுத முடியல, ஒரு வீட்டு வேலைல மாட்டிக்கிட்டேன், அதையும் சொல்லிடறேன், இந்தப் பேச்சுக்கு சம்பந்தம் இருக்கு.

திருவல்லிக்கேணில ஒரு பழைய வீடு. தெருப்பக்கம் கைப்பிடிச் சுவருக்கு நடுவுல சுதைல கஜலட்சுமி, ரெண்டு பக்கமும் யானை, ஓரத்துல மயிலு. வேலைய எடுத்த காண்ட்ராக்டர் குடுத்த எஸ்டிமேட்ல ஒரே வரி: 'முகப்பு டிசைன் உடைத்து அப்புறப்படுத்த', பக்கத்துல சதுர அடிக் கணக்கு, ரேட்டு. எனக்கு வயிறு எரிஞ்சுது. டிசைன்! கஜலட்சுமியும் டிசைன், மயிலும் டிசைன், கொடுங்கையும் டிசைன்.

சாரத்துல ஏறி கிட்டக்க பாத்தேன். யானையோட காதுல வெள்ளை அடிச்சு அடிச்சு ஏறின தோலு ஒரு எடத்துல உதிந்திருந்துச்சு, உள்ள சுதையோட உடம்பு தெரியுது, பழுப்பு வெள்ளை, நடுநடுவுல அரிசிக் குருணை அளவுக்கு கிளிஞ்சல் துண்டு, நகத்தால கீறினா மாவு வரல, கல்லு மாதிரி நிக்குது. கிளிஞ்சல் சுண்ணாம்ப ஊற வச்சு, மணல் சேத்து அரைச்சு, கடுக்காத் தண்ணி, வெல்லத் தண்ணி விட்டு பதம் பண்ணின சாந்து அது. காதோட மடிப்புல செஞ்சவரோட விரல் தடம் இன்னும் இருக்கு. இந்த சுண்ணாம்பத்தான் இங்கிலீஷ்காரங்க சுனாம்னு எழுதி, பளிங்கு மாதிரி மின்னுதுன்னு மெட்ராஸ் சுனாம பத்தி ஊரெல்லாம் பேசினாங்க, கடைசிப் பூச்சுல முட்டை வெள்ளைக்கரு, தயிரு, நெய்யெல்லாம் சேந்துச்சு. சுதைங்கறதுக்கு மூலம் சுதா, அமிர்தத்துக்கும் அதே வார்த்தை, சுண்ணச் சாந்துக்கும் அதே வார்த்தை. அத இத்தாலிக்காரன் ஸ்டக்கோங்கறான், ஜெர்மானிய மூலத்துல பொறுக்கு, மேலோடு.

நான் என்ன செஞ்சேன்னா, முகப்ப முழுசா வரைஞ்சு ஒவ்வொண்ணுக்கும் பேரு போட்டு, எஸ்டிமேட்டோட அந்த ஒரு வரிய பல வரியா பிரிச்சு எழுதி வீட்டுக்காரம்மாகிட்ட குடுத்தேன். கஜலட்சுமி சுதை, உடைக்க. மயில் சுதை, உடைக்க. கொடுங்கை, உடைக்க. பலஸ்டர், உடைக்க. அந்தம்மா ஒவ்வொண்ணா வாய்விட்டு படிச்சாங்க. கஜலட்சுமிலயே நிறுத்திட்டாங்க. "இத யாரும்மா உடைக்கச் சொன்னது"ன்னு கேட்டாங்க. இப்ப கைப்பிடிச் சுவர் நிக்குது, பின்பக்கம் மட்டும் இடிக்கறாங்க. மயிலுக்கு கழுத்து போயிருக்கு, சுதை வேலை தெரிஞ்ச ஆள தேடிட்டு இருக்கோம், தெரிஞ்சவங்க இருந்தா சொல்லுங்க, சிமெண்ட்ல செஞ்சு ஒட்டறவங்க வேணாம். சுண்ணாம்பு மேல சிமெண்ட் போட்டா ஈரம் வெளிய வர வழியில்லாம உள்ள தங்கி பழைய வேலைய தள்ளி விட்டுடும்.

ஜூன் 20

முதல்ல கேள்வி கேட்டவரோட மாமாவே இப்ப கேட்டிருக்கார், பேரு தெரிஞ்சா கட்டடத்தோட வயசு தெரியுமான்னு. வாங்க மாமா. தெரியும், ஓரளவுக்கு. பாண்டிச்சேரில வேலை பாத்த ழுவோ துப்ரேய்னு ஒரு பிரெஞ்சு அறிஞர், 1914ல இதத்தான் புத்தகமா போட்டார். ராஜா பேர விடு, கல்வெட்ட விடு, போதிகையோட வடிவத்தயும் கூடோட உச்சியயும் வரிசைப்படுத்து, காலம் தானா வரிசையா நிக்கும்னு காட்டினார். கூடோட உச்சி பல்லவர் காலத்துல மண்வெட்டி மாதிரி தட்டையா இருக்கும், சோழர் காலத்துல அந்த எடத்துல சிங்கமுகம் வந்து உக்காந்துடும்.

ஜூன் 21

மூணு போதிகை படம் அனுப்பி எது எந்தக் காலம்னு கேட்டவருக்கு, கிட்டக்க பாத்துட்டேன்.

முதல் படம், கீழ்ப்பக்கம் வளைஞ்சு, அதுல சுருட்டின பாய அடுக்கின மாதிரி வரிவரியா இருக்கே, அது தரங்கப் போதிகை. தரங்கம்னா அலை. பல்லவர் வேலை.

ரெண்டாவது, வளைவே இல்லாம சாய்வா வெட்டி, நடுவுல ஒரு முளை துருத்திக்கிட்டு இருக்கு, வெட்டுப் போதிகை, சோழர். அலையெல்லாம் துடைச்சுட்டு வெறும் வெட்ட வச்சாங்க, எனக்கு மூணுல இதுதான் ரொம்பப் புடிக்கும், கல்லு கல்லாவே இருக்கு.

மூணாவதுல முனை கீழ தொங்கி மொட்டு மாதிரி இருக்கு. இது புஷ்பப் போதிகை. விஜயநகரத்துல மொட்டா ஆரம்பிச்சு நாயக்கர் காலத்துல நல்லா இறங்கி தலைகீழா தொங்கும், வாழப்பூவேதான், மடல் விரியற எடம் வரைக்கும். உங்க படத்துல முனை நல்லா இறங்கியிருக்கு, அதனால நாயக்கர் பக்கம் தள்ளி வைப்பேன். ஆனா ஒண்ணு, திருப்பணில பழைய தூணுக்கு புது போதிகை மாத்தறது நடக்கும், பிற்காலத்து ஆளு பழைய மாதிரியே செஞ்சு வைக்கறதும் நடக்கும், அதனால போதிகை ஒண்ண மட்டும் வச்சு முடிவு பண்ண வேணாம். அதே மண்டபத்து வெளிச் சுவர்ல கொடுங்கை மேல இருக்கற கூட்ட ஒரு படம், தூணோட கும்பத்த ஒரு படம் எடுத்து அனுப்புங்க. ஃபிளாஷ் போடாதீங்க, காலைல எட்டு மணிக்குள்ள பக்கவாட்டு வெளிச்சத்துல எடுத்தா வெட்டு தெளிவா விழும்.